சரவணன்: நாணற்காட்டில் பிறந்த பெயர்

சரவணன் என்றால் நாணற்காட்டில் பிறந்தவன். முருகனின் பெயர்களில் இது ஒன்று என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயருக்குள் ஒரு புல் நிற்கிறது என்பதுதான் பலர் நினைவில் இல்லை. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் தொழில் வட்டாரத்தில் ஷூ கம்பெனி விடும் நேரத்தில் வாசலில் நின்று ‘சரவணா’ என்று குரல் கொடுத்தால் நாலைந்து பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். அவ்வளவு புழக்கமான பெயர் அது. அந்தப் பெயருக்கு மூலமான செடிக்கு நெருங்கிய உறவான நாணலும் அதே ஆற்றங்கரையில்தான் வளர்கிறது. அதைப் பார்த்து இந்தப் பெயரை யாரும் நினைப்பதில்லை.

சொல்லைப் பிரித்தால் சரம், வணம் என்று இரண்டாகும். ‘சர’ என்பது வடமொழியில் ஒரு வகை நீண்ட புல்லுக்குப் பெயர். அதன் தண்டு நேராகவும் லேசாகவும் இருப்பதால் அம்பு செய்ய உதவியது. அதனால் அம்புக்கும் ‘சரம்’ என்றே பெயர் நிலைத்தது. தமிழ் அகராதிகளும் சரம் என்ற சொல்லுக்கு அம்பு, நாணல் என்ற இரு பொருளையும் தருகின்றன. வணம் என்பது வனம், அதாவது காடு. சரவணம் நாணற்காடு. அதில் தோன்றியவன் சரவணன். சரவணபவன் என்றால் அந்தக் காட்டில் உண்டானவன். ‘சரவணபவ’ என்று ஆறெழுத்தாக முருக பக்தர்கள் ஓதுவதும், ஆட்டோவின் முன் கண்ணாடியிலும் பூஜை அறைக் கதவிலும் எழுதி வைப்பதும் இதைத்தான்.

வனம் என்ற சொல்லில் இரண்டு சுழி ‘ன’ இருக்க, சரவணனில் மட்டும் மூன்று சுழி ‘ண’ எப்படி வந்தது என்ற கேள்விக்கு வடமொழி இலக்கணத்தில் விடை இருக்கிறது. ‘ர’, ‘ஷ’ போன்ற ஒலிகளை அடுத்து வரும் ‘ன’ ஒலி நாவை மேலே மடித்துச் சொல்லும் ‘ண’ ஆக மாறுவது அந்த மொழியின் இயல்பு. ஆனால் இரண்டு சொற்கள் சேர்ந்து ஒரு சொல்லாகும்போது இந்த மாற்றம் எல்லா இடத்திலும் நடக்காது. எங்கே நடக்கும் என்பதைப் பாணினி தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. அஷ்டாத்யாயியின் எட்டாம் அத்தியாயம், நான்காம் பாதம், ஐந்தாம் சூத்திரம் அந்த வேலையைச் செய்கிறது. எந்தெந்தச் செடியின் பெயரோடு சேரும்போது ‘வன’ என்பது ‘வண’ ஆகும் என்று அது வரிசைப்படுத்துகிறது. நாணல் அந்த வரிசையில் இருக்கிறது. அதற்கு அடுத்தே கரும்பு வருகிறது. பின்னால் மாமரமும் கருங்காலியும் வருகின்றன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட இந்தச் சூத்திரம்தான் இன்று பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் ‘சரவனன்’ என்று எழுதினால் பிழை என்று சொல்லவைக்கிறது. 

அந்தப் புல் எது என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். வடமொழி நூல்கள் சொல்லும் ‘சர’ பெரும்பாலும் வட இந்திய ஆற்றுச் சமவெளிகளில் ஆள் உயரத்துக்கு மேல் புதராக வளரும் முஞ்சைப் புல் என்று தாவரவியலார் கருதுகிறார்கள். சர்க்கண்டா என்றும் மூஞ்ச் என்றும் அங்கே அதைச் சொல்வார்கள். இலையுறையை உரித்து முறுக்கினால் உறுதியான கயிறு கிடைக்கும். பூணூல் போடும் சடங்கில் பையனின் இடுப்பில் கட்டும் முஞ்சிக் கயிறு அதிலிருந்து வந்ததுதான். கூரை வேய, முறம் பின்ன, மோடா நாற்காலி செய்ய அந்தத் தட்டை வடக்கே இன்றும் பயன்படுகிறது. தமிழில் இதற்கு ஈடாகச் சொல்லப்படும் நாணல், அதற்கு நெருங்கிய உறவுடைய வேறொரு புல். வெள்ளி நிறத்தில் பஞ்சு போன்ற பூங்கதிர் விடுவதும், நிலத்தடித் தண்டால் பரவி மணற்கரையைப் பிடித்து வைப்பதும் அதன் அடையாளங்கள். வங்காளத்தில் துர்கா பூஜை நெருங்குவதை அறிவிக்கும் ‘காஷ்’ பூவும் இந்த நாணலின் பூவே. உரைகாரர்கள் சில இடங்களில் சரவணத்தைத் தருப்பைக் காடு என்றும் சொல்லியிருக்கிறார்கள். முஞ்சை, நாணல், தருப்பை மூன்றும் வெவ்வேறு செடிகள். ஆனால் நீர்க்கரையில் அடர்ந்து நிற்கும் உயரமான புல் என்ற படம் எல்லாவற்றுக்கும் பொது. பெயருக்கு அந்தப் படம் போதுமானதாக இருந்திருக்கிறது.

ஒரு தெய்வக் குழந்தை புல்லுக்குள் போய் ஏன் பிறக்க வேண்டும்? கதையின் பழைய வடிவங்கள் வால்மீகி ராமாயணத்தின் பாலகாண்டத்திலும் மகாபாரதத்திலும் இருக்கின்றன. ராமாயணத்தில் விசுவாமித்திரர் ராமனுக்குச் சொல்லும் கதையாக இது வருகிறது. சிவனின் ஆற்றலைப் பூமி தாங்க முடியாமல் தவிக்க, அக்னி அதற்குள் புகுகிறான். அது வெண்மலையாகவும் ஒளிவிடும் நாணற்காடாகவும் ஆகிறது. அங்கே பிறந்த பிள்ளை கார்த்திகேயன் என்று கதை போகிறது. அடுத்த சர்க்கத்திலேயே கங்கை அந்தக் கருவைச் சுமந்து இமயத்தின் சாரலில் இறக்கி வைப்பதாக இன்னொரு விதமாகவும் சொல்லப்படுகிறது. மகாபாரதத்தின் வனபர்வத்தில் கதை வேறு மாதிரி. அக்னியின் மேல் ஆசை கொண்ட சுவாகா, முனிவர் மனைவியரில் ஆறு பேரின் உருவத்தை ஒவ்வொன்றாக எடுத்து அவனைச் சேர்ந்து, நாணற்புதர்கள் சூழ்ந்த வெண்மலையில் ஒரு பொற்குழியில் வித்தை இடுகிறாள். ஆறு தடவை இட்டதால் பிள்ளைக்கு ஆறு தலை.

விவரங்கள் மாறினாலும் நெருப்பும் நீரும் நாணலும் இந்தக் கதைகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. நாணல் இரண்டுக்கும் நடுவே நிற்கும் செடி. வேர் ஈரத்தில் இருக்கும். வெயில் காலத்தில் மேல்தழை காய்ந்து ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். நெருப்பின் பிள்ளையை நீர் ஏந்திக் கொண்டுவந்து விடுவதற்கு இதைவிடப் பொருத்தமான இடத்தைக் கதை சொன்னவர்களால் தேடியிருக்க முடியாது. போர்க்கடவுளாகப் போகிறவன் அம்புத் தண்டுக்கான புல்லுக்குள் பிறக்கிறான் என்பதும் தற்செயலாக இருக்க வாய்ப்பில்லை. அடர்ந்த நாணல் மறைவிடமும் கூட. பகைவருக்கு அஞ்சி ஒளித்து வைக்க வேண்டிய குழந்தைக்கு அது தொட்டில்.

தமிழுக்கு வந்தபோது கதையில் ஒரு மாற்றம் நடந்தது. சங்க இலக்கியத்தில் முருகனுக்குச் சேய், செவ்வேள், நெடுவேள் போன்ற பெயர்கள்தான் பெரிதும் வழங்குகின்றன. பிறப்புக் கதையை விரிவாகச் சொல்வது பரிபாடலின் ஐந்தாம் பாடல். கடுவன் இளவெயினனார் பாடியது. இமயத்து மலைச்சுனையில் தாமரைப் படுக்கை மேல் பிள்ளை பிறப்பதாக அது காட்டுகிறது. திருமுருகாற்றுப்படையிலும் அந்தப் பசிய சுனை வருகிறது. சுனையை முன்னே வைத்து, தாமரையில் பிள்ளையைக் கிடத்தியது தமிழ்க் கவிகளின் தேர்வு. நாணல் பின்னுக்குப் போய்விட்டது. பிற்காலத்தில் காஞ்சிபுரம் குமரகோட்டத்து அர்ச்சகர் கச்சியப்ப சிவாசாரியார் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் கந்தபுராணம் பாடியபோது இந்தக் காட்சி முழு வடிவம் பெற்றது. சிவனின் நெற்றிக்கண்களிலிருந்து எழுந்த பொறிகளை வாயுவும் அக்னியும் சுமந்துபோய்க் கங்கையில் விட, கங்கை அவற்றைச் சரவணப் பொய்கையில் சேர்க்கிறாள். அங்கே ஆறுமுகன் தோன்றுகிறான். கார்த்திகைப் பெண்கள் பாலூட்டுவதற்காக ஆறு குழந்தைகளாகிறான். பார்வதி வந்து அணைத்ததும் மறுபடி ஓருருவாகிறான்.

நாட்காட்டிப் படங்களிலும் சுவரோவியங்களிலும் இன்று எல்லோரும் காண்பது கச்சியப்பர் வழி வந்த இந்தக் காட்சியே. ஆறு தாமரை, ஆறு பிள்ளை, சுற்றிலும் ஆறு பெண்கள். ஓவியர் ஓரத்தில் நாலு புல்லைப் போட்டிருந்தால் அதுவே பெரிது. ‘சரவணப் பொய்கை’ என்ற தொடரில் சரவணம் அந்தக் குளத்தின் பெயராகவே ஆகிவிட்டதால், அது ஒரு காட்டின் பெயர் என்பதே மறைந்துபோனது. பெயரில் நாணல், படத்தில் தாமரை. ஒரு பெயர் தன் பொருளைத் தொலைத்துவிட்டுச் செழிப்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தமிழில் அதிகம் இல்லை.

முருகன் என்ற ஒரே தெய்வத்திடமிருந்து ஆண்பிள்ளைகளுக்குக் கிடைத்த பெயர்கள் ஒரு குடும்பமாகவே இருக்கின்றன. கருவைச் சுமந்த கங்கையால் காங்கேயன். பாலூட்டிய கார்த்திகை விண்மீன் கூட்டத்தால் கார்த்திகேயன், கார்த்திக். வெறும் கண்ணுக்கு ஆறு மீன்களாகத் தெரிவதால் பழந்தமிழில் அந்தக் கூட்டத்துக்கு அறுமீன் என்று பெயர். குகையோடு தொடர்புபடுத்தி குகன் என்கிறார்கள். கடப்ப மரத்தையும் அதன் பூவையும் விரும்புவதால் கடம்பன். ஆறு, விண்மீன், குகை, மரம், புல் என்று ஒரு தெய்வத்தின் பெயர்களிலேயே இயற்கை இவ்வளவு இடம் பிடித்திருக்கிறது. இவற்றுள் சரவணனுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. மற்றவை ஒரு பொருளின் பெயரிலிருந்து வந்தவை. இது செடிகள் கூட்டமாக வாழும் ஓரிடத்தின் பெயரிலிருந்து வந்தது.

வேலன், வேலு, வேல்முருகன் என்ற பெயர்களை இந்தக் குடும்பத்தில் சேர்ப்பதா என்பதில் வேலூர்க்காரர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. வேல் என்றால் ஈட்டி போன்ற ஆயுதம். வேல மரத்தையும் அந்தச் சொல் குறிக்கும். வேலூர் என்ற ஊர்ப்பெயருக்கு வேல மரங்கள் சூழ்ந்த ஊர் என்பதே பரவலான விளக்கம். சிறுபாணாற்றுப்படையில் வேலூர் என்று இன்னோர் ஊர் வருகிறது. திண்டிவனம் பக்கத்து உப்புவேலூர் அது என்பர். அந்த ஊருக்கு உரையாசிரியர் நச்சினார்க்கினியர் சொல்லும் கதையில் முருகன், அந்த நூலின் தலைவனான நல்லியக்கோடனின் கனவில் வந்து, கேணியில் பூத்த பூவை எடுத்துப் பகைவர்மேல் எறியச் சொல்கிறான், பூவே வேலாகிறது. ஓர் ஊருக்கு மரம், இன்னோர் ஊருக்கு ஆயுதம். ஆனால் ஆள் பெயராக வரும் வேலன், வேல் ஏந்திய முருகனையும் அவனுக்கு வெறியாடும் பூசாரியையும் குறித்து வந்ததே தவிர மரத்தைக் குறித்ததாகக் கொள்ள இடமில்லை. வேலனைப் போலன்றிச் சரவணனை இயற்கை தந்த பெயர் என்று ஐயமில்லாமல் சொல்ல முடிகிறது.

பாலாற்று வட்டாரத்தில் முருகன் பெயர்கள் இவ்வளவு வேரூன்றியதற்கு இங்குள்ள மலைகளும் ஒரு காரணம். காட்பாடி வட்டத்தில் இருக்கும் வள்ளிமலை, வள்ளி பிறந்து வளர்ந்த இடமாகப் போற்றப்படுவது. வள்ளிக்கிழங்கு அகழ்ந்தெடுத்த குழியில் கிடந்த பெண்குழந்தையை வேடர் தலைவன் நம்பி எடுத்து வளர்த்தான், கிழங்குக் குழியில் கிடைத்ததால் வள்ளி என்று பெயரிட்டான் என்பது கந்தபுராணம் சொல்லும் கதை. கச்சியப்பர் குறிப்பிடும் மேற்பாடி, மலைக்குப் பக்கத்திலேயே பொன்னை ஆற்றின் கரையில் மேல்பாடி என்ற பெயரில் இன்றும் இருக்கிறது.   புல்லுக்குள் பிறந்த மாப்பிள்ளையும் கிழங்குக் கொடிக்கடியில் கிடைத்த பெண்ணும் சேர்ந்த மலை வள்ளிமலை. பிள்ளைக்குச் சரவணன், பெண்ணுக்கு வள்ளி என்று பெயர் வைக்கும் குடும்பங்கள் இந்தப் பக்கம் அதிகம் என்பதில் வியப்பில்லை. பொன்னை ஆறு திருவலத்துக்குக் கீழே பாலாற்றில் கலக்கிறது. வள்ளியின் ஊர் நீரும் தோல் தொழில் ஊர்களின் நீரும் அங்கே ஒன்றாகின்றன.

சரவணம் என்ற பெயரே குளமாகக் கிடைக்கும் இடம் திருத்தணி. மலையடிவாரத்துத் தெப்பக்குளத்துக்குச் சரவணப் பொய்கை என்று பெயர். ஆடிக் கிருத்திகையின்போது மூன்று நாள் தெப்பம் அங்கே நடக்கும். வேலூர், ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து மஞ்சள் வேட்டியும் பூக்காவடியுமாகப் போகும் கூட்டம் குளத்தில் முழுகி, முந்நூற்று அறுபத்தைந்து படி ஏறும். திருப்பரங்குன்றத்திலும் பழனியிலும்கூட இதே பெயரில் குளங்கள் உண்டு. வேண்டுதலால் பிறந்த பிள்ளைக்கும், கிருத்திகை நட்சத்திரத்தில் பிறந்த பிள்ளைக்கும் சரவணன் என்று பெயரிடும் வழக்கம் இந்தப் பயணங்களோடு கலந்தது. ஒரு முரணும் இதில் இருக்கிறது. பஞ்சாங்கம் கிருத்திகைக்குத் தரும் எழுத்துகள் அ, இ, உ, ஏ. ‘ஸ’ வருவதோ சதய நட்சத்திரத்துக்கு. எழுத்து பார்த்துப் பெயர் வைக்கும் வீட்டில் கிருத்திகைப் பிள்ளைக்குச் சரவணன் பொருந்தாது. ஆனாலும் வைப்பார்கள். சாமி பெயருக்கு எழுத்து பார்க்க வேண்டியதில்லை என்று பாட்டிமார் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள்.

இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்னால் இந்தப் பெயர் பெரும்பாலும் தொடராகவே வழங்கியது. சரவணப்பெருமாள், சரவணமுத்து, சரவணபவானந்தம் போன்றவை அப்படி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னையில் தமிழ் நூல்கள் அச்சேறத் தொடங்கிய காலத்தில் திருக்குறள் உள்ளிட்ட நூல்களைப் பதிப்பித்த சரவணப்பெருமாள் ஐயர் திருத்தணிகைக்காரர். அவருடைய சகோதரர் விசாகப்பெருமாள் ஐயர், இலக்கண ஆசிரியர், தந்தை கந்தப்பையர். கந்தன், சரவணன், விசாகன் என்று ஒரு வீடு முழுக்க முருகன். ஈழத்தில் சரவணமுத்து குடும்பப் பெயராகவே நிலைத்தது. கொழும்பில் பைக்கியசோதி சரவணமுத்துவின் பெயர் தாங்கிய மைதானத்தில்தான் 1982 பிப்ரவரியில் இலங்கை தன் முதல் டெஸ்ட் போட்டியை இங்கிலாந்துக்கு எதிராக ஆடியது. கிரிக்கெட் உலகம் அந்த மைதானத்தைப் ‘பி. சரா ஓவல்’ என்று சுருக்கிவிட்டது. நாணற்காட்டில் காடு போய் நாணல் மட்டும் மிஞ்சிய சுருக்கம் அது.

தமிழ்நாட்டில் தனிச் சொல்லாகச் சரவணன் என்று வைப்பது இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பெருகியது. நடிகர் சூர்யாவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் சரவணன்; திரைக்காகப் புல்லை விட்டுச் சூரியனுக்குப் போனார். ‘சரவணன் மீனாட்சி’ என்று 2011இல் விஜய் டிவியில் தொடங்கிய தொடர், சாதாரணக் குடும்பத்துப் பையன் என்றால் சரவணன் என்ற எண்ணத்தை இன்னும் உறுதியாக்கியது. வீட்டில் சரவணா, சரா என்று கூப்பிடுவார்கள். ஷ்ரவண் என்ற வட இந்தியப் பெயரையும் சரவணனையும் ஒன்றாக எண்ணும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. இரண்டுக்கும் தொடர்பில்லை. ஷ்ரவண் கேட்டல் என்ற பொருளுடைய வேரிலிருந்து வந்தது. திருவோண நட்சத்திரத்துக்கும், கண்ணிழந்த பெற்றோரைக் காவடியில் சுமந்த ராமாயணப் பிள்ளைக்கும் வழங்கும் பெயர் அது. சர்க்கரை என்ற சொல்லையும் சரத்தோடு முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. அது சரளைக் கல்லைக் குறித்த வேறு சொல். சர்க்கரைக் கட்டி கல்லைப் போலப் பொடிப்பொடியாக இருந்ததால் வந்தது.

சொல்லில் இல்லாத உறவு செடியில் இருக்கிறது. நாணலும் கரும்பும் ஒரே பேரினம். பாணினியின் சூத்திரத்தில் அடுத்தடுத்து நிற்கும் இந்த இரண்டையும் இருபதாம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் மணமுடித்து வைத்தது. 1912இல் அங்கே தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சி.ஏ. பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும், ‘வெள்ளை’ என்ற தடித்த இனிப்புக் கரும்போடு காட்டு நாணலைக் கலந்தார்கள். தடித்த கரும்பு வட இந்தியக் குளிரையும் வறட்சியையும் தாங்காது. நாணலில் இனிப்பே கிடையாது, ஆனால் எதையும் தாங்கும். 1918இல் வெளிவந்த கோ 205 இந்தக் கலப்பின் முதல் வெற்றி. பஞ்சாப் வயல்களில் அது தன் தகுதியைக் காட்டிய பிறகு, கோயம்புத்தூர் ரகங்கள் உலகின் பல நாடுகளுக்குப் போயின. இன்று உலகம் முழுக்கப் பயிராகும் கரும்பின் உடம்பில் நாணலின் பங்கு கொஞ்சமாவது இருக்கிறது. ஆம்பூரை அடுத்த வடபுதுப்பட்டிலும், திருவலத்தை அடுத்த அம்முண்டியிலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் அமைந்ததற்குக் காரணமான பாலாற்றங்கரைக் கரும்பும் அந்த வம்சமே. கரும்பு வெட்டுகிறவர் சரவணனாக இருந்தால் தன் பெயரின் உறவைத்தான் வெட்டுகிறார்.

ஆற்றின் நிலை வேறு கதை. கர்நாடகத்தின் நந்திமலைப் பகுதியில் தொடங்கி ஆந்திரம் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் வரும் பாலாறு மொத்தம் 348 கிலோமீட்டர். அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில். ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். 1903இல் வாணியம்பாடியை அழித்த வெள்ளமும் 2021 நவம்பரில் கரை தொட்டு ஓடிய வெள்ளமும் இந்த ஊர்களில் காலக்கணக்காகவே ஆகிவிட்டன. நாணல் இப்படிப்பட்ட ஆற்றுக்கே உரிய செடி. வறட்சியில் மேலே காய்ந்து, கீழே உயிரோடு இருந்து, வெள்ளத்தில் மணலைப் பிடித்து நிற்கும். மணல் அள்ளிய பள்ளங்களும், சீமைக் கருவேலமும், கழிவுநீரும் அதன் இடத்தைக் குறுக்கிவிட்டன.

ஆவாரம்பட்டையால் தோல் பதனிட்ட காலத்தில் டேனரிகளின் கழிவு இந்த அளவுக்குச் சிக்கலாக இல்லை. குரோமியம் உப்பால் பதனிடும் முறை வந்து, தொழிலும் பலமடங்கு பெருகியபோது, தோலைக் கெடாமல் வைக்கப் போடும் உப்பும் பதனிடும் ரசாயனமும் சேர்ந்து கிணற்று நீரைக் கெடுத்தன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. டேனரிகள் கழிவுநீரை வெளியே விடாமல் மறுபடி பயன்படுத்த வேண்டும் என்ற விதி வந்தது. நாணலின் உறவான கொறுக்கையைப் பாத்தியில் வளர்த்து, அதன் வேர்ப்பகுதி வழியாகக் கழிவுநீரைச் செலுத்திச் சுத்தம் செய்யும் முறை உலகின் பல நாடுகளில் நடப்பில் இருக்கிறது. தோல் கழிவுநீரிலும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வேரைச் சுற்றி வாழும் நுண்ணுயிர்கள் கரிமக் கழிவைச் சிதைக்கின்றன, உலோகத்தில் ஒரு பகுதி வேரிலும் மண்ணிலும் தங்குகிறது. உப்பை மட்டும் அந்தச் செடியால் ஒன்றும் செய்ய முடியாது. பாலாற்று நீருக்குப் பெரிய தொல்லை அந்த உப்புதான் என்பதால், சரவணம் வளர்த்துப் பாலாற்றை மீட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

தோல் தொழில் ஊர்களில் செடியின் பெயர் தாங்கிய ஆண்கள் முருக பக்தர் வீடுகளில் மட்டும் இல்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் முஸ்லிம் குடும்பங்களில் வழங்கும் ரைஹான் என்ற பெயர், அரபியில் மணமுள்ள செடியைக் குறிப்பது. குறிப்பாகத் தமிழில் திருநீற்றுப் பச்சிலை என்று சொல்லும் செடியை. குர்ஆனின் ஐம்பத்தைந்தாம் அத்தியாயத்தில் இறைவனின் கொடைகளுள் ஒன்றாக அது சொல்லப்படுகிறது. ஒரே கம்பெனியில் ஒரே பெஞ்சில் மேல்தோல் தைக்கும் ரைஹானும் சரவணனும் ஆளுக்கொரு செடியைப் பெயரில் வைத்திருக்கிறார்கள்.

புதிதாகப் பிறக்கும் பிள்ளைகளுக்குச் சரவணன் என்று வைப்பது குறைந்து வருகிறது. முகிலன், நிலவன், இனியன், கதிர் என்று நேரடியாகப் பொருள் விளங்கும் தமிழ்ப் பெயரைத் தேடுகிறவர்கள் ஒரு பக்கம். ‘ஷ்’ஷும் ‘ஜ்’ஜும் வரும்படி இரண்டு எழுத்தில் முடிய வேண்டும் என்கிறவர்கள் இன்னொரு பக்கம். முகிலும் நிலவும் இயற்கைப் பெயர் என்று தேர்ந்தெடுக்கும் பெற்றோருக்கு, சரவணன் பழைய சாமி பெயராக மட்டுமே படுகிறது. ஆனாலும் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பிறந்த சரவணன்கள் இப்போது தகப்பன்மார்கள். ஆம்பூர், வேலூர்ப் பள்ளிகளின் வருகைப் பதிவேட்டில் முகிலனுக்கும் நிலவனுக்கும் முன்னால் ‘ச.’ என்ற இனிஷியலாக அந்தப் பெயர் இன்னும் ஒரு தலைமுறைக்கு இருக்கும்.